பெட்டி கேட்கும் இரண்டாவது கேள்வி

1 ஏப்ரல், செவ்வாய்

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பங்குனி வெயிலில் சொல்லாமல் ஐப்பசி மழையில் சொல்லியிருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பேன். கிணறும் போர்வெல்லும் வற்றுகிற காலம்தான் எனக்கு அறுவடைக் காலம். தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் எரியும். மோட்டார் எரிந்தால் தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் என் மோட்டார் பம்புக் கடைப்படி ஏறுவார்கள். அடுத்தவன் மோட்டார் எரிவதில் சந்தோஷப்படுகிறாயா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். அதில்தான் வீடு கட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளைக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாதாம். கோயம்புத்தூரில் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிற என் மகள் தாரணி லீவு போட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள வருகிறாள்.

இந்த டைரி பேரிங் ஏஜென்சிக்காரர் வருஷாவருஷம் கொடுப்பது. காசு கொடுத்து வாங்கியதில்லை. வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவள் வருவதற்குள் கடைப் புரோகிராமைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன், என் மனது தெளிவாக இருக்கட்டும் என்று. எங்கள் பக்கம் விவசாயிக்கு மோட்டாரின் மாடல் நம்பர் தெரியாது. பில் மழையில் நனைந்து போயிருக்கும். அவர் சொல்வதெல்லாம், "நம்ம மேட்டுக்காட்டுத் தோட்டத்து மோட்டாருங்க, நீங்கதானே போட்டீங்க" என்பதுதான். அதனால் எங்கள் புரோகிராம் ஆள் பெயரைக் கேட்காது. தோட்டத்தின் பெயரைத்தான் கேட்கும். பொத்தானைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். "எந்தத் தோட்டமுங் மாமா?" என்று அதில் இருக்கும். பெயரை அடித்தால் இரண்டாவது பெட்டி வரும். "சாப்பிட்டாச்சுங்ளா மாமா?" அதற்கும் பதில் அடித்தால், அந்தத் தோட்டத்துக்கு இதுவரை போட்ட மோட்டார், எத்தனை எச்.பி., பம்புக்குள் எத்தனை அடுக்கு, அதாவது ஸ்டேஜ், போர் எத்தனை அடி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

என் மனைவி வசந்தாமணி எழுதிய புரோகிராம். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. புரோகிராம் ஓடுகிறது. ஓடுகிற எதையும் நான் மாற்றுவதில்லை.

3 ஏப்ரல், வியாழன்

தாரணி வந்து சேர்ந்தாள். பையை வைத்த கையோடு கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கவுண்டரில் இருக்கிற ருக்மணி பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தாள்.

"ஏனுங்ப்பா, தோட்டத்துப் பேர இத்தன வருசமா கையிலயே அடிச்சுட்டு இருக்கீங்ளா?"

"வேற என்ன கால்லயா அடிப்பாங்க?"

ருக்மணி சிரித்தாள். தாரணி சிரிக்கவில்லை. இந்தப் பெட்டிக்குப் பதிலாக ஒரு பட்டியல் வைக்கலாம் என்றாள். தட்டினால் எல்லாத் தோட்டமும் வரிசையாகக் கீழே இறங்குமாம். வேண்டியதைத் தொட்டால் போதுமாம்.

"பேரு தெரியாதவங்களும் பாத்துத் தேடிக்கலாமுங்ப்பா."

"பேரு தெரியாதவன் எதுக்குக் கடையில நிக்கறான்?"

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கறப்ப ருக்மணிக்கா நிக்கோணுமல்ல? ஒரு தோட்டத்துக்கு ரெண்டு பேரு, மூணு பேரு இருக்குது. எந்தப் பேருல அம்மா ஏத்துனாங்கன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியுது."

அது உண்மைதான். எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. "லிஸ்டு வெச்சா மவுஸ் சீக்கிரம் தேஞ்சுபோயிரும்" என்றேன். நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன் சொல்கிற காரணமா இது என்று எனக்கே பட்டது.

"சரி, இந்த ரெண்டாவது கேள்வி எதுக்குங்ப்பா?"

"அது வேணும் கண்ணு. அதுக்குப் பதில் அடிச்சாத்தான் கணக்கு வரும்."

"ஆமாம் பாப்பா," என்றாள் ருக்மணி. "நான் ஒருக்கா வெறுமனே விட்டுப்போட்டேன். அன்னிக்குன்னு பாத்து பேரிங் கணக்கே டேலி ஆகல."

தாரணி என்னைப் பார்த்தாள். நான் ஒரு கேஸ்கெட்டைக் கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

4 ஏப்ரல், வெள்ளி

காலையில் கடை திறந்ததும் ஆள் வருவதற்கு முன்னால் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்தேன். ஓடுகிறது.

6 ஏப்ரல், ஞாயிறு

கடை லீவு. வேலை இல்லாத நாளில் பழையது ஞாபகம் வருகிறது. எழுதித் தொலைக்கலாம்.

நான் ஆரம்பித்தது கடையில் இல்லை, சைக்கிளில். எட்டாம் வகுப்போடு நின்று எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒரு ரீவைண்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி நல்லவர். ஆனால் சம்பளம் என்றால் அவருக்குக் காது கேட்காது. அங்கிருந்து விலகி, புஷ், வாஷர், கிளாண்ட் கயிறு என்று பம்பு உதிரி எல்லாம் ஒரு ரப்பர் பையில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனேன். மூலனூர் பக்கம், குண்டடம் பக்கம், அலங்கியம் பக்கம் எல்லாக் கிணற்றிலும் இறங்கியிருக்கிறேன். எந்தக் கிணற்றுப்படி வழுக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரியும். எந்தத் தோட்டத்தில் என்ன மோட்டார் என்பது தலையிலேயே இருந்தது.

வசந்தாமணி காங்கயத்துப் பக்கம். பிளஸ் டூ படித்தவள். எனக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்ட பிறகு, கூட்டம் சேரச் சேர, நான் ஒரு தோட்டத்து மோட்டாரை இன்னொரு தோட்டத்துக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவள்தான் சொன்னாள், "மாமா, உங்க தலைக்கு இன்சூரன்ஸ் இல்லீங்."

மூடிவிட்டுப் போன ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று பேரம் பேசி வாங்கினேன். அவள் சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனாள். பாவாடை தாவணிப் பிள்ளைகளுக்கு நடுவில் இவள் மட்டும் சேலை. பாடம் எடுக்கிற பையன் இவளை அக்கா என்பான், இவள் அவனை சார் என்பாள். டேட்டாபேஸ் என்று ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாம்பாரைத் தாளித்துக்கொண்டே எனக்கு விளக்குவாள். எனக்குப் புரியாது. தலையை ஆட்டுவேன்.

முதலில் பெட்டி எதுவும் இல்லை. அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான் கவுண்டரில் விவசாயியோடு பேசிக்கொண்டிருப்பேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பாள்: "எந்தத் தோட்டமுங் மாமா?" நான் சொல்வேன். ஒருமுறை அவள் அம்மா இடுப்பு எலும்பு உடைந்து படுத்தபோது காங்கயத்துக்குப் போய்ப் பல வாரம் இருக்க வேண்டி வந்தது. போவதற்கு முதல் நாள் உட்கார்ந்து எதையோ மாற்றினாள். "நா இல்லாதப்ப பொட்டியே உங்களக் கேக்குமுங்" என்றாள். அந்தக் காலத்தில் அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்து விழாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்தாள். அவள் சொல்கிற மாதிரியே இருந்தது.

நடுவில் ஒரு நாள் வந்து பார்த்தாள். மூலையில் டிபன் கேரியர் திறக்காமல் கிடந்தது. நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மறுநாள் அவள் பஸ் ஏறின பிறகு தோட்டத்தைத் தேடினால் இரண்டாவது பெட்டி வந்து நின்றது. போன் போட்டுக் கத்தினேன். வியாபாரத்தில் என்ன விளையாட்டு என்றேன்.

"பதில் சொல்லுங், தோட்டத்தத் தொறக்கும்."

"இல்லைன்னு அடிச்சா?"

"அப்பவும் தொறக்கும். ஆனா நீங்க இல்லைன்னு அடிச்சது உங்களுக்குத் தெரியுமல்லங்."

அந்தக் கேள்வி எதையும் வடிகட்டாது. எந்தக் கணக்கிலும் சேராது. என்ன அடித்தாலும், அடிக்காமல் விட்டாலும் தோட்டம் வரும். இது எனக்கு அன்றிலிருந்து தெரியும். கடையில் யாருக்கும் சொன்னதில்லை. நான் எப்போதும் ஒரே ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுப் போவேன். நேரம் மிச்சம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் காரியம் முடிந்து கடை திறந்த அன்று, பழக்க தோஷத்தில் பொத்தானைத் தட்டினேன். பெட்டி கேட்டது. அன்று வந்தது எந்தத் தோட்டத்துக்காரர் என்று ஞாபகம் இல்லை. மற்ற எல்லாத் தோட்டமும் ஞாபகம் இருக்கிறது.

9 ஏப்ரல், புதன்

நாளைக்கு ஆபரேஷன். ருக்மணியிடம் சாவி கொடுத்து, இரண்டு கேள்விக்கும் பதில் அடிக்க வேண்டும் என்று மறுபடி சொன்னேன். தாரணியிடம், நான் வரும்வரை புரோகிராமைத் தொடாதே என்றேன். "சரிங்ப்பா" என்றாள். அவள் அம்மாவும் இப்படித்தான் சரிங் என்பாள்.

10 ஏப்ரல், வியாழன்

ஆயிற்று. ஒற்றைக் கண்ணில் எழுதுகிறேன். எழுத்து கோட்டில் நிற்கிறதா தெரியவில்லை.

12 ஏப்ரல், சனி

அய்யாவு இளநீர்க் குலையோடு வீட்டுக்கு வந்தார். குண்டடத்துக்காரர். நான் சைக்கிளில் போன காலத்திலிருந்து பழக்கம். கண்ணைப் பார்க்க வந்தார் என்றுதான் நினைத்தேன்.

"வலி இல்லியே நாச்சிமுத்து?"

"இல்ல."

"அப்பச் சொல்லலாம். நேத்து உன்ற கடையில காலைல இருந்து உச்சி வரைக்கும் நின்னேன்."

போர் மோட்டார் எரிந்துவிட்டதாம். பம்பு எத்தனை ஸ்டேஜ் என்று அவருக்குத் தெரியாது. அது தெரியாமல் மோட்டார் கொடுக்கவும் முடியாது. பொருந்தாத மோட்டாரைப் போட்டால் ஒன்று தண்ணீர் ஏறாது, இல்லை மறுபடி எரியும்.

"பள்ளக்காட்டுத் தோட்டம்னேன். ருக்மணிப் புள்ள அடிச்சுப் பாத்துட்டு, இல்லீங்குது. அய்யாவு தோட்டம்னேன். இல்லீங்குது. எம்பட பையன் பேரச் சொன்னேன். அதுவும் இல்லியாம். எனக்கே சந்தேகமாப் போச்சு, தோட்டம் நம்முளதுதானா, வித்துப்போட்டமான்னு. உனக்குப் போன் போட்டா ஆஸ்பத்திரில அணைச்சு வெச்சிருக்காங்க. வெங்காயம் கருகுது. நா என்ன பண்றது. வேற கடையில குத்துமதிப்பா ஒண்ணு வாங்கி எறக்கிட்டேன்."

"தண்ணி வருதா?"

"வருது. கொழந்த ஒண்ணுக்குப் போறாப்ல வருது."

"அய்யாவு, உங்கப்பன் காலத்துல அந்தக் காட்டுக்கு என்ன பேரு?"

யோசித்தார். யோசித்து, அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஊமத்தங்காடு."

"அந்தப் பேருலதான் இருக்குது."

"அத நானே மறந்துட்டேனே. அந்தப் புள்ளைக்கு எப்படிரா தெரியும்?"

அவர் போன பிறகு இளநீரை வெட்டாமலே வைத்துவிட்டேன். கண்ணைக் கிழித்தபோதுகூட இந்த எரிச்சல் இல்லை. வேறு கடை வாசலை மிதிக்காத மனுஷன் அவர். என் தலைக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று ஒருத்தி எப்போதோ சொன்னாள்.

சாயங்காலம் தாரணி கடையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். "லிஸ்டப் போட்டுரு."

அவள் எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

13 ஏப்ரல், ஞாயிறு

தாரணி லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தோட்டமாக அவள் படிக்க, அதற்கு ஊர் எது, இப்போது யார் பார்க்கிறார், வேறு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டும். பட்டியலில் எல்லாப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் தெரியுமாம்.

"குருவிக்காரன் மேடு."

"கொளத்துப்பாளையம். இப்ப மருமகன் பாக்கறாரு. பேங்க்காரர் தோட்டம்னும் சொல்லுவாங்க. அந்தக் கெணத்துல எறங்குனப்ப மேல இருந்து பாம்பு விழுந்துது. எம்பட தோள்ல."

"இதையும் ஏத்தட்டுங்ளா?"

"பாம்ப ஏத்தாத."

"எட்டுக்கால் மண்டபத் தோட்டம்."

"அது அலங்கியம். அங்கதான் எனக்கு மொத மொத சொந்தமா மோட்டார் விக்கக் கெடச்சுது. உங்கம்மாளும் கூட வந்தா. கல்யாணமாயிப் புதுசு. மோட்டார் எறங்கித் தண்ணி வந்ததும் தோட்டத்துக்காரம்மா இவ கையில ஒரு படி கம்பு குடுத்தாங்க. சைக்கிள்ல ஏறாம, வெயில்ல, அந்தக் கம்ப மடியில கட்டிக்கிட்டு ஊரு வரைக்கும் நடந்தே வந்தா. ஏன்னு கேட்டா, சைக்கிளு பின்னாடி உக்காந்தா கம்பு கொட்டிருமுங்றா."

இதை ஏற்றட்டுமா என்று கேட்காமல் தாரணி அடுத்ததைப் படித்தாள்.

இப்படியே மத்தியானம் வரை போனது. எல்லாப் பெயரும் வசந்தாமணி அடித்து ஏற்றியவை. விவசாயி எப்படிச் சொன்னாரோ அப்படியே ஏற்றியிருக்கிறாள். வெட்டுக்கிளித் தோட்டம், கூலிக்காரன் குட்டை, ரெண்டு பொண்டாட்டிக்காரர் காடு. கடைசியைத் தாரணி படித்தபோது நாங்கள் இருவருமே சிரித்தோம். கண் அதிரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

முடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். "அந்த ரெண்டாவது கேள்விப் பக்கம் போகாத. தொட்டா மொத்த டேட்டாவும் போயிரும்."

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. கடைக்கு மத்தியானத்துக்கு மேல் லீவு. தாரணி பாயசம் வைத்தாள், வேலையையும் விடவில்லை. நான் கண்ணுக்கு மூடி போட்டு மல்லாந்து படுத்திருந்தேன்.

"அப்பா."

"ம்."

"ரெண்டாவது கேள்வி எதையும் வடிகட்டறதில்லீங். மொதக் கேள்வி தோட்டத்தோட கட்டியிருக்குது. இது எதோடயும் கட்டல. சும்மா கேக்குது."

நான் பாயசக் கிண்ணத்தைக் கையால் தேடினேன்.

"உங்களுக்குத் தெரியுமுங்ளா?"

"தெரியும்."

"எப்ப இருந்துங்?"

"உங்கம்மா போட்ட அன்னிக்கிருந்து."

அவள் என்ன நினைக்கிறாள் என்று பார்க்கலாம் என்றால் கண்ணில் மூடி. வியாபாரத்தில் எதிராளி முகத்தைப் பார்க்காமல் நான் விலை பேசியதே இல்லை. அதனால் அவசரப்பட்டுவிட்டேன்.

"எடுத்துரு" என்றேன். "வேலைக்கு ஆகாதது எதுக்குக் கெடக்கோணும்."

"நெசமாத்தானுங்ளா?"

"நெசமாத்தான்."

பாயசத்தில் ஏலக்காய் அதிகம். அல்லது மருந்தினால் நாக்கு அப்படி இருக்கலாம்.

17 ஏப்ரல், வியாழன்

புதுப் பட்டியல் கடையில் ஏறிவிட்டது. ஒரு பெட்டியும் வருவதில்லையாம். மேலே ஒரு கட்டம், தட்டினால் தோட்டங்கள் இறங்குகின்றன, தொட்டால் வருகிறது. கூட்டம் மளமளவென்று கரைகிறது என்று தாரணி போனில் சொன்னாள். தெரிந்துதான் நானும் ஒத்துக்கொண்டேன்.

இன்று மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் ஆயிற்று. மேஜையில் எடுத்து மூடித்தான் வைத்துப் போயிருந்தாள். பசியில்லை, அவ்வளவுதான்.

19 ஏப்ரல், சனி

கடை அடைத்துவிட்டு ருக்மணி சாவி கொடுக்க வந்தாள். தாரணி பஸ் ஸ்டாண்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள் போல.

"புதுசு எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்ண்ணா. தொட்டா வந்துருது. ஊமத்தங்காடு, பள்ளக்காடு எல்லாம் ஒரே வரிசையில இருக்குது."

சாவியைக் கொடுத்துவிட்டும் நின்றாள்.

"என்ன?"

"அந்தக் கேள்வியக் காணோமுங்."

"அது சும்மா ருக்மணி. அதுனால ஒண்ணும் ஆகறதில்ல. இத்தன நாளா உன்னையும் அடிக்க வெச்சுட்டேன்."

"அது தெரியுமுங்ண்ணா."

"என்ன தெரியும்?"

"ஒண்ணும் ஆகறதில்லைன்னு. நா வேலைக்கு வந்த புதுசுலயே பாத்தேனுங். ஒருக்கா இல்லைன்னு அடிச்சேன். ஒருக்கா மோர்சாதம், ஊறுகான்னு அடிச்சேன். ஒருக்கா எங்கூட்டுக்காரன வாய்க்கு வந்தபடி வஞ்சு அடிச்சேன். எல்லாத்துக்கும் தோட்டம் வந்துது."

"அப்பறம் பேரிங் கணக்கு டேலி ஆகலைன்னு பாப்பாகிட்டச் சொன்ன?"

"நீங்க சொல்றத நா எதுக்குங் மாத்திச் சொல்லோணும்?"

ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். எனக்கு எதிரில் நின்று வருஷக்கணக்கில் என்னை ஏமாற்றியிருக்கிறாள், எனக்காகவே.

"பின்ன எதுக்குத் தினமும் பதில் அடிச்ச?"

"கேக்கறாங்கல்லங்." முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள். "எங்கூட்ல நாந்தான் எல்லாத்தையும் கேக்கோணும். என்னைய ஆருங் கேக்கறா? அக்கா இருந்தப்ப, கடைக்குள்ள வந்ததும் அதத்தான் மொதல்ல கேப்பாங்க. அவுங்க போனதுக்கப்பறமும் கேட்டுட்டுத்தான இருந்தாங்க. மூணு நாளா ஆருங் கேக்கலீங்."

நான் அவளைப் போகச் சொன்னேன். இருட்டிவிட்டது, பஸ் போய்விடும் என்றேன்.

அது என் ஒருத்தனைத்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

காலையில் தாரணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"அந்த ரெண்டாவது கேள்வியத் திரும்பப் போட்டுரு."

"ஏனுங்ப்பா?"

"ஆளு பசியோட நின்னா பில்லுல தப்பு வரும். மூணு ஸ்டேஜ் பம்புக்கு அஞ்சு ஸ்டேஜுக்கான மோட்டாரக் குடுத்துருவாங்க. ஒரு மோட்டார் திரும்பி வந்தா என்ன நட்டம் தெரியுமா? வியாபாரத்துக்கு அந்தக் கேள்வி லாபம்."

"வியாபாரத்துக்கு."

"வேற எதுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா என்று சரியாகத் தெரியவில்லை. ஆனால் வேலையில் கெட்டி. உடனே கேட்டாள்: "அதுக்கும் லிஸ்டாவே வெச்சர்லாமுங்ளா? ஆச்சு, இன்னும் இல்லைன்னு ரெண்டு போட்டா, தொட்டுட்டுப் போயர்லாம்."

நல்ல யோசனைதான். நான் யோசித்தேன். தோட்டம் என்றால் எங்களிடம் இருப்பதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதற்குப் பட்டியல் சரி. இது அப்படி இல்லை. மோர்சாதம் என்று ஒருத்தி அடிப்பாள், வைது ஒருத்தி அடிப்பாள். அதை நான் முன்கூட்டியே எப்படி எழுதி வைப்பது.

"இதுக்கு லிஸ்டு வேண்டாம் கண்ணு. வெறும் பொட்டியாவே இருக்கட்டும். அவங்கவங்களுக்கு என்ன வருதோ அத அடிக்கட்டும்."

"அடிக்கறதச் சேத்து வெக்கட்டுங்ளா?"

"எதுக்கு? உங்கம்மா எழுதி வெச்சுக்கிட்டா கேட்டா?"

"சரிங்ப்பா. கடைசியில மாமான்னு வருதே, அத மட்டும் எடுத்தர்லாமுங்ளா? ருக்மணிக்காவையும் மாமாங்குது."

"ருக்மணியவே கேளு."

21 ஏப்ரல், திங்கள்

மாமாவே இருக்கட்டும் என்றாளாம்.

28 ஏப்ரல், திங்கள்

டாக்டர் போகலாம் என்றார். கடைக்குப் போனேன். புதுக் கண்ணில் எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. ருக்மணிக்குத் தலையில் நரை. அதுவும் இன்றுதான் தெரிந்தது.

நல்ல கூட்டம். உச்சி வெயில் ஏறி இறங்குகிற நேரத்தில் அய்யாவு வந்தார். வேறு கடையில் வாங்கிய மோட்டாரை வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தண்ணி நின்னே போச்சு. இப்பவாவது எந்தோட்டம் உன்ற பொட்டியில இருக்குதா, இல்ல மறுபடி காணாமப் போச்சா?"

"இருக்குது. உங்கப்பன் பேருலயும் இருக்குது, உன்ற பேருலயும் இருக்குது. உக்காரு."

தாரணி எழுந்து எனக்கு நாற்காலியை விட்டாள். புதுப் பட்டியலை முதல்முறையாக நானே தட்டினேன். பட்டியல் இறங்கியது. குருவிக்காரன் மேடு, எட்டுக்கால் மண்டபம், கூலிக்காரன் குட்டை எல்லாம் என் கண்ணெதிரில் மேலே போயின. வேகமாகத்தான் இருக்கிறது. ஊமத்தங்காட்டைத் தொட்டேன். பள்ளக்காடு, அய்யாவு என்று பக்கத்திலேயே இருந்தது.

பெட்டி திறந்தது.

அதே ஆங்கில எழுத்து. தாரணி ஒன்றையும் மாற்றவில்லை. வெகுநாளாகப் புரை மறைத்து, மங்கலாகத் தெரிந்ததை ஞாபகத்தில்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. இன்று ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது.

வழக்கமான ஒற்றை எழுத்துக்கு விரல் போயிற்று. பின்னால் அய்யாவு இருமிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். நான் விரலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, முழுசாக அடித்தேன்: இன்னும் இல்லை.

கம்ப்யூட்டர் எப்போதும்போல அதைப் பொருட்படுத்தாமல் அய்யாவுவின் தோட்டத்தைத் திறந்து காட்டியது. எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ், எத்தனை அடி எல்லாம் இருந்தது.

ஆனால் பக்கத்தில் நின்ற தாரணி அதைப் படித்துவிட்டாள்.

"எந்திரிங்ப்பா," என்றாள். "அய்யாவு மாமாவுக்கு நா குடுத்தனுப்பறேன். கேரியரு உள்ள இருக்குது."

சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.